சுண்டுவிரலுக்கு வராத சுதந்திரம்

அதிகாரி டைப் மிஷினிலிருந்து உருவிய காகிதத்தைப் பார்த்தார். பிறகு தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷம் தன்னோடு இருந்த விரல்கள்தாமா இவை என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது.

"மெட்ராஸ்னுதான் அடிச்சேன்," என்றார்.

காகிதத்தில் மெட்ராஸ் இல்லை. ஒரு கமாவில் ஆரம்பித்து, நடுவில் இரண்டு 'க்யூ' வைத்து, ஏதோ ஓர் ஊர் இருந்தது. அப்படி ஓர் ஊர் இருந்தாலும் அதற்கு டிக்கெட் கேட்க யாருக்கும் வாய் வராது.

புதுவை வாலிபர் ஆதரவுச் சங்கத்தின் ஆண்டு விழா அது. அதற்கு விருந்தாளியாக மெட்ராஸிலிருந்து வந்தவர் அதிகாரி. செயலாளர் நாராயணசாமி, அதிகாரிக்குப் போட வேண்டிய மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது போடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

"ஏம்மா, நீ அடி பார்ப்போம்," என்று அதிகாரி எழுந்தார்.

சங்கத்தின் மிஷினில் பழகிவந்த கமலவேணி உட்கார்ந்தாள். மிஷினைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியே எதிர்வீட்டு மாடியில் காயும் வத்தலைப் பார்த்துக்கொண்டே தடதடவென்று அடித்தாள். மெட்ராஸ், கடலூர், சிதம்பரம், எல்லாம் அதனதன் எழுத்தோடு வந்து விழுந்தன.

அதிகாரி குனிந்து எழுத்துப் பொத்தான்களை உற்றுப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"இது பிரெஞ்சு மிஷின். 'ஏ' இருக்கற எடத்துல 'க்யூ' இருக்கு. 'டபிள்யூ' இருக்கற எடத்துல 'இசட்'. 'எம்' எங்கேயோ ஓரத்துல ஒதுங்கிக் கெடக்கு. எங்க பக்கம் இந்த மாதிரி மிஷினைக் கண்ணாலயும் பாத்திருக்க மாட்டாங்க."

"கடலூர்ல?" என்றாள் கமலவேணி. குரல் உள்ளே போயிருந்தது.

"கடலூர்லயும் இங்கிலீஷ் மிஷின்தாம்மா இருக்கும்."

அவர் கேக் சாப்பிட்டுவிட்டு, மாலையும் வாங்கிக்கொண்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். கடலூர் டைப் பரீட்சைக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

இந்தச் சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போனதும், அதுவரை ஊரில் படித்தவர்களாக இருந்த பிள்ளைகளெல்லாம் ஒரே நாளில் படிக்காதவர்களாகிவிட்டார்கள். ஆபீசுகளில் இனிமேல் இங்கிலீஷ். இதைக் கண்டு மனம் பொறுக்காமல் நான்கு பெரியவர்கள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் சங்கம். தலைவர் கோவிந்தராசு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா வரை போய்ச் சண்டை போட்டு, பென்ஷனும் முழங்கால் வலியும் வாங்கி வந்த சொல்தா. பொருளாளர் முருகையன், ரொட்டிக் கடைக்காரர். உறுப்பினர் ஹிதாயத்துல்லா, கடிகாரம் பழுது பார்ப்பவர். செயலாளர் நாராயணசாமி, நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுக் குமாஸ்தா.

ஞாயிறுதோறும் ரொட்டிக் கடை மாடியில் கூடுவார்கள். 'வாலிபர்களை ஆதரிக்க வேண்டும்' என்று ஏகமனதாகத் தீர்மானம் போடுவார்கள். பிறகு சீட்டுக்கட்டை எடுத்து பெலோத் ஆடுவார்கள். வருஷக்கணக்கில் இப்படித்தான் ஆதரவு நடந்துவந்தது. கீழே அடுப்பு எரிவதால் மாடியில் உட்கார முடியாத சூடு. அந்தச் சூட்டில் உட்கார்ந்து ஆதரிப்பதே ஒரு தியாகம் என்று அவர்கள் மெய்யாகவே நம்பினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கமலவேணி படியேறி வந்து நின்றாள்.

"இங்க வாலிபர்கள ஆதரிக்கிறாங்களாமே. வந்திருக்கேன்."

தலைவர் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "வாலிபர்னா... நாங்க ஆம்பளப் புள்ளைங்கள இல்ல நெனைச்சோம்."

"நெனைச்சத போர்டுல எழுதியிருக்கணும்," என்றாள் அவள்.

அப்படி வந்ததுதான் டைப் மிஷின். மூடிக்கொண்டு ஊருக்குப் போன ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் சாமான்களிலிருந்து நாராயணசாமி அதைத் தேடிப் பிடித்துத் தூக்கிவந்தார். துரைசானி என்று பெயரும் வைத்தார்கள். கூடவே வந்த விரல் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கமலவேணி தானாகவே கற்றுக்கொண்டாள். சங்கத்தார் செய்தது, சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு சீட்டாடியது மட்டும்தான்.

நாராயணசாமி மீதும் குற்றம் சொல்வதற்கில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே மாதிரி மிஷினுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். டைப் மிஷின் என்றால் உலகமெங்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார். காக்கைக்கு ஊருக்கு ஊர் வேறு நிறம் இருக்கும் என்று யாராவது நினைப்பார்களா?

அதிகாரி போனபின் கூடிய அவசரக் கூட்டத்தில் அன்று சீட்டுக்கட்டு வெளியே வரவில்லை. நிலைமை அவ்வளவு மோசம்.

"தேறலன்னா என்னாம்மா? அடுத்த தடவ எழுதிக்கலாமே," என்றார் முருகையன்.

"அடுத்த தடவ நான் திண்டிவனத்துல இருப்பேன்," என்றாள் கமலவேணி. "அம்மாவோட பேச்சு அது. பாசானா என் இஷ்டம், ஃபெயிலானா தையில தாலி. மாமன் வீட்ல பந்தலுக்கு மூங்கிலே வெட்டிட்டாங்களாம்."

"மாமன் எப்படி?"

"நல்லவருதான். எங்கம்மாவுக்கு ரெண்டு வயசுதான் சின்னவரு."

நாராயணசாமி துரைசானியைப் பார்த்தார். தாம் தூக்கிவந்த மிஷின் ஒரு பெண்ணைத் திண்டிவனத்துக்குத் தூக்கிக்கொண்டு போகப் போகிறது என்று நினைத்தார்.

முருகையன்தான் முதலில் யோசனை சொன்னார். "இதுல என்னா இருக்கு? பொத்தான் மேல காயிதத்த ஒட்டி, இங்கிலீஷ் மிஷின்ல எப்படியோ அப்படி எழுதிட்டாப் போச்சு."

ரொட்டிக் கடையில் மைதா பசைக்கா பஞ்சம்? தாராளமாக ஒட்டினார். மறுநாள் காலையில் துரைசானியின் மேல் ஊரிலுள்ள எறும்பெல்லாம் மாநாடு கூட்டியிருந்தது. எறும்பை ஊதித் தள்ளிவிட்டுக் கமலவேணி 'ஏ' என்று ஒட்டியிருந்த பொத்தானை அழுத்தினாள். 'க்யூ' விழுந்தது.

"பேர மாத்தி வெச்சா புத்தி மாறுமா?" என்றார் ஹிதாயத்துல்லா. "உள்ள இருக்கற எழுத்த இல்ல மாத்தணும். எங்கிட்ட விடுங்க."

"பாய், இது கடிகாரம் இல்ல," என்றார் முருகையன்.

"ரெண்டும் டிக்கு டிக்குனுதான சொல்லுது?"

பாய் கெட்டிக்காரர். ஒவ்வோர் எழுத்தையும் கம்பியிலிருந்து பெயர்த்து, இடம் மாற்றிப் பற்றவைத்தார். இரண்டு நாளில் துரைசானி இங்கிலீஷ்காரியாகிவிட்டாள். நாராயணசாமி தேங்காய் உடைத்தார். பாய் ஃபாத்திஹா ஓதினார். தலைவர் சல்யூட் அடித்தார்.

கமலவேணி உட்கார்ந்து, வத்தல் காயும் மாடியைப் பார்த்தபடி 'மெட்ராஸ்' என்று அடித்தாள்.

இரண்டு 'க்யூ'வும் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தன.

"மிஷின் மாறிடுச்சு பெரியப்பா," என்று அவள் நாராயணசாமியைப் பார்த்தாள். "வெரலு மாறலியே."

அடுத்த யோசனை தலைவருடையது. பட்டாளத்தில் எப்பேர்ப்பட்ட முரட்டுக் காலையும் அணிவகுப்பில் நடக்கப் பழக்கியவர் அவர். விரல் எம்மாத்திரம்? தினம் காலையில் அவள் பின்னால் பிரம்போடு நின்று, "கோஷ்! துருவாத்! கோஷ்!" என்று இடது வலது சொன்னார். இடது சுண்டுவிரல் பழையபடி மேல் வரிசைக்குத் தாவப் பார்க்கும்போதெல்லாம், "ஆல்த்!" என்று கத்தினார். அந்தக் கத்தலில் மற்ற ஒன்பது விரல்களும் சேர்ந்து நின்றுவிட்டன. கீழே ரொட்டி வாங்க வந்த ஒரு பென்ஷன்காரர் கூட விறைப்பாக நின்றுவிட்டதாக முருகையன் வந்து சொன்னார்.

நான்காம் நாள் அவள் விரல்களுக்குப் பிரெஞ்சும் மறந்துவிட்டது, இங்கிலீஷும் வரவில்லை. தடதடவென்று ஓடிய கை, சேற்றில் மாடு நடக்கிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி நடந்தது.

"சுதந்திரம் வந்து எத்தினி வருஷமாச்சு," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்தச் சுண்டுவெரலுக்கு மட்டும் இன்னும் வரல பெரியப்பா."

சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். நாராயணசாமிக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் அவர் குருசுக்குப்பத்துக்குப் போகிற வழியில் இருந்த அவள் வீட்டுக்குப் போனார். அம்மா அஞ்சலாட்சி எருமைக்குப் புண்ணாக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சங்கத்துக்காரரே. ஆதரிச்சு முடிச்சிட்டீங்களா?"

"அது வந்து, தங்கச்சி... ஒரு ஆறு மாசம் பொறுத்துக்கிட்டா..."

"எனக்கு மட்டும் ஆசையா?" புண்ணாக்குக் கையை உதறினாள் அவள். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவளுக்கு ஆரு இருக்கா? வேல இருந்தா வேல காப்பாத்தும். இல்லேன்னா தம்பி காப்பாத்துவான். உங்க தீர்மானமா காப்பாத்தும்?"

நாராயணசாமி உள்ளே எட்டிப் பார்த்தார். கமலவேணி சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், தட்டின் விளிம்பில் விரல்களால் தட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"அந்தப் பழைய துரைசானி மட்டும் இருந்தா, கண்ணக் கட்டிவிட்டாக்கூட எழுதிடுவேன் பெரியப்பா. பழசு இன்னும் வெரலுக்கு அடியில எங்கேயோ கெடக்கு. கை வெச்சா வந்துடும்."

திரும்பி நடக்கும்போது நாராயணசாமியின் மனத்தில் ஓர் எண்ணம் புகுந்தது. புகுந்த வேகத்தில் அவரே பயந்துபோய்க் கோயில் வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறந்த தேதியை ஒரே ஒரு நாள் தள்ளி எழுதச் சொன்னதற்காகச் சொந்த மைத்துனரோடு இன்றுவரை பேசாதவர் அவர்.

மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"மிஷினைத் திருப்பிப் பழையபடி பண்ணணும். பண்ணி, யாருக்கும் தெரியாம பரீட்சை ஹாலுக்குள்ள கொண்டுபோய், அவங்க வெச்சிருக்கற மிஷின எடுத்துட்டு நம்ம துரைசானிய வெச்சிடணும்."

முருகையன் வாயைப் பிளந்தார். "செக்ரெத்தேர், நீங்களா பேசறீங்க?"

"சர்க்கார் பரீட்சையில ஆள்மாறாட்டமா?" என்றார் பாய்.

"ஆள் மாறல. மிஷின் மட்டும்தான் மாறுது."

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் வெகுநேரம் மீசையைத் தடவினார்.

"இது குத்தம்," என்றார். "அரசாங்கத்த ஏமாத்தறது. பட்டாளத்துல இதுக்கு நிக்கவெச்சுச் சுடுவாங்க." பிறகு சீட்டுக்கட்டைப் பிரித்து மேஜைமேல் பரப்பினார். "இது பள்ளிக்கூடம். இது கேட்டு. இந்த ராஜாதான் வாட்ச்மேன். எந்த பஸ்ல போறோம்?"

பாய் எழுத்துகளை மறுபடியும் பெயர்த்துப் பழைய இடத்தில் வைத்தார். "ஆடற பல்லு மாதிரி ஆடுது. இன்னொருவாட்டி மாத்தச் சொல்லாதீங்க, கையில வந்துடும்," என்றார். கமலவேணி உட்கார்ந்து வத்தல் மாடியைப் பார்த்தாள். இரண்டு வரி தடுமாற்றம். மூன்றாவது வரியில் கை ஓட ஆரம்பித்தது. ஊருக்கு வந்து சேர்ந்த குதிரை மாதிரி ஓடியது.

பரீட்சை நாளன்று விடியற்காலையில் முருகையனின் பெரிய ரொட்டிக் கூடையில் துரைசானியை இறக்கி, மேலே சுடச்சுட நீள ரொட்டிகளை அடுக்கினார்கள். பரீட்சை அதிகாரிகளுக்குச் சங்கத்தின் அன்பளிப்பு என்று சொல்லிக்கொண்டு உள்ளே போவதாகத் திட்டம்.

பஸ் நிற்கிற இடம் வரை போகப் புஷ்புஷ் வண்டி வந்தது. உட்கார்ந்திருப்பவர் முன்னால் பிடியைத் திருப்ப, ஆள் பின்னாலிருந்து தள்ளுகிற வண்டி. கூடையை மடியில் அணைத்துக்கொண்டு கமலவேணி உட்கார்ந்தாள். பாரம் அதிகம். வண்டிக்காரனோடு சேர்ந்து தலைவரும் பாயும் முருகையனும் நாராயணசாமியும் தள்ளினார்கள். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் எல்லாரும் ஒரு வாலிபருக்குப் பின்னால் நின்று மெய்யாகவே தள்ளினார்கள். திருப்புகிற பிடி அவள் கையில் இருந்தது.

"எடப்பக்கம் திருப்பும்மா!" "வலப்பக்கம்!" "நேரா போ!" என்று பின்னாலிருந்து நால்வரும் நாலு பக்கம் சொன்னார்கள். அவள் தனக்குத் தெரிந்த பக்கம் திருப்பி, நேராகப் பஸ் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

பஸ்ஸில் புதுச் சங்கடம். அரியாங்குப்பம் தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் குதித்தபோது, ஒரு ரொட்டி சரிந்து, மிஷினின் உருளையை ஓடவிடுகிற பிடியை அழுத்திக்கொண்டது. உள்ளே துரைசானியின் உருளை மெல்ல நகர்ந்து வரியின் கடைசிக்குப் போய், "டிங்!" என்றது.

டிரைவர் பிரேக் போட்டார். யாரும் இறங்கவில்லை.

"ஏன்யா மணி அடிச்ச?"

"நான் எங்கண்ணே அடிச்சேன்?" என்றார் கண்டக்டர்.

முருகையன் கூடைக்குள் நைசாகக் கையை விட்டு, மிஷினின் உருளையைப் பழைய இடத்துக்குத் தள்ளிவைத்தார். அதுதான் தப்பாகப் போயிற்று. அடுத்த பள்ளத்தில் மறுபடியும், "டிங்!" மறுபடியும் பிரேக். கடலூர் போய்ச் சேருவதற்குள் இல்லாத ஊர்களிலெல்லாம் பஸ் நின்றது. கண்டக்டர் மணிக் கயிற்றைப் பார்த்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு டிங்குக்கும் நாராயணசாமிக்கு ஒரு வயது கூடியது.

பள்ளிக்கூட வாசலில் ஒரே கூட்டம். மாட்டு வண்டிகளிலும் ஆட்களின் தலையிலும் கோணிச்சாக்கு மூட்டைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. 'பக்கத்தில் எங்கேயோ சந்தை போலிருக்கிறது, நல்லதுதான், கூட்டத்தில் நம்மை யாரும் கவனிக்கமாட்டார்கள்' என்று நாராயணசாமி நினைத்துக்கொண்டார்.

வாட்ச்மேன் கவனித்துவிட்டார். காக்கிச் சட்டை, வெற்றிலை வாய்.

"கூடையில என்னா?"

"ரொட்டி," என்றார் தலைவர், நெஞ்சை நிமிர்த்தி. "அதிகாரிகளுக்கு."

"இத்தினியுமா?"

"நல்ல பசி எடுக்கும். மூளை வேலையில்ல?"

"டிங்!" என்றது கூடை.

வாட்ச்மேன் கூடையைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். "ரொட்டி மணியடிக்குமா?"

"பிரெஞ்சு ரொட்டி," என்றார் முருகையன் பலவீனமாக.

வாட்ச்மேன் ஒரு ரொட்டியைத் தூக்கினார். இன்னொன்றைத் தூக்கினார். அடியில் துரைசானி கறுப்பாக, பளபளவென்று, மாட்டிக்கொண்ட திருடி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நாராயணசாமி முன்னால் வந்தார். கை தானாகக் குவிந்தது.

"ஐயா, இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. தப்பான மிஷின வாங்கினவன் நான். இந்தக் கள்ள யோசனை சொன்னவனும் நான். எத்தினி வருஷம் போட்டாலும் என்னப் புடிச்சு உள்ள போடுங்க. கையக் காலா நெனச்சுக் கும்பிடறேன், அவள மட்டும் பரீட்சை எழுத விடுங்க. கெட்டிக்காரப் பொண்ணு. வெரலுதான் அப்படிப் பழகிப்போச்சு. அது அவ குத்தமில்ல, எங்க ஊரு அப்படி."

"எனக்கும் தெரியும்," என்று கமலவேணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "புடிக்கறதுன்னா என்னையும் புடிங்க."

"எழுத்த மாத்தினவன் நான்," என்றார் பாய்.

"கூடை என்னுது," என்றார் முருகையன்.

"உத்தரவு போட்டவன் நான்," என்று தலைவர் பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார். கண் கலங்கியிருந்தது. வருஷக்கணக்காக ஏகமனதாகத் தீர்மானம் போட்டவர்கள்தாம். ஆனாலும் ஏகமனதாக நின்றது அன்றைக்குத்தான்.

வாட்ச்மேன் ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கையிலிருந்த ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு மென்றார். பிறகு வாசலில் இறங்கிக்கொண்டிருந்த கோணிமூட்டைகளைக் காட்டிச் சொன்னார்:

"என்னாங்கடா இது கூத்து? அந்த மூட்டையெல்லாம் என்னா, பூசணிக்காயா? இங்க அவங்கவங்க மிஷின அவங்கவங்கதான் கொண்டாரணும், கொண்டாராதவங்களத்தான் உள்ள விடமாட்டோம். தூக்கும்மா உன் மிஷின, முதல் மணி அடிச்சிட்டாங்க!"